பக்கத்து சீட் காலியாக இருக்கட்டும்

நியூ ஜெர்சி சாலைகளில் சில கார்களின் நம்பர் பிளேட் ஓரத்தில் தீப்பெட்டியைவிடச் சிறிய சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஒளி பட்டால் மின்னும். வண்டியை அப்பா எடுத்துப்போகும்போது கழற்றி வைத்துவிடலாம். மகனோ மகளோ எடுத்தால் மறுபடி ஒட்ட வேண்டும். எடிசன் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய பொருள்தான். ஓட்டுகிறவருக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை, கையில் முழு லைசென்ஸ் இல்லை என்று அந்தச் சிவப்பு போலீசுக்குச் சொல்கிறது. கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டித் தனியாக ஓட்டத் தொடங்கியவர் என்றால் இரவு 11 மணிக்கு மேல் அவர் சாலையில் இருக்கக் கூடாது. பெற்றோர் உடன் இல்லாதபோது ஒரே ஒருவரைத்தான் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கி 2010 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் 16 வயதுப் பெண் ஒருவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 2006 இறுதியில், தன் வயதையொத்த ஒருவர் ஓட்டிய காரில் பயணியாகப் போனபோது அந்தப் பெண் இறந்துபோனார். அவருடைய தாய் விடாமல் போராடி வாங்கிய சட்டம் இது.

பழகாத ஓட்டுநர் இரவில் ஓட்டக் கூடாது என்றால் எல்லோருக்கும் விளங்கும். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதும் விளங்கும். பக்கத்து சீட்டில் யார் உட்கார வேண்டும், எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று சொல்ல அரசுக்கு என்ன வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பதில் கிடைத்த பிறகும் அதைச் சட்டமாக்கத் துணிந்தவர்கள் குறைவு.

அந்தக் கேள்வி எழுவதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் எல்லோரும் நம்பியது பயிற்சியை. பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரின் மேல்நிலைப் பள்ளியில், ஏமஸ் நெய்ஹார்ட் என்ற பேராசிரியர் 1930-களின் தொடக்கத்தில் தன் சொந்தக் காரை வைத்து மாணவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் ஓட்டுநர் பயிற்சி ஒரு பாடமானது அங்கிருந்துதான் என்பார்கள். அது நாடெங்கும் பரவியது. பாடத்தை முடித்த பிள்ளைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன. கணக்கும் வரலாறும் போலக் கார் ஓட்டுவதையும் ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொடுத்தால் விபத்து குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

1970-களின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தின் டீகால்ப் கவுன்ட்டியில் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 16,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அன்றைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி, இன்னொன்றுக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாவதற்குப் பள்ளிப் பயிற்சியே இல்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், விபத்துக் கணக்கில் நிலைத்து நிற்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கனெக்டிகட் மாநிலம் தந்த பாடம் இன்னும் கசப்பானது. மாநில அரசு நிதியை நிறுத்தியதால் அங்கே சில ஊர்கள் பள்ளிப் பயிற்சியைக் கைவிட்டன. அந்த ஊர்களில் 16, 17 வயதில் லைசென்ஸ் எடுப்போர் எண்ணிக்கை சரிந்தது. விபத்தும் சேர்ந்தே சரிந்தது. பயிற்சி பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. சீக்கிரமாகச் சாலைக்கு அனுப்பிவைத்தது, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பவும் பிரேக்கை மிதிக்கவும் சில வாரங்கள் போதும். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவரக்கூடும் என்று கண் தானாகவே அங்கே போய் நிற்பதற்குப் பல மாதங்கள், பல ஆயிரம் மைல்கள் தேவை. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் மாதங்களில்தான் விபத்து உச்சத்தில் இருக்கிறது. மாதம் செல்லச் செல்ல அது வேகமாக இறங்குகிறது. வகுப்பறையால் தர முடியாத அந்த அனுபவத்தைப் பிள்ளை உயிரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி என்ன?

ஊர்க் கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்களுக்கு இந்த வழி எப்போதோ தெரியும். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி முதலில் படியோரம் இறக்குவார்கள். பிறகு ஒரு குடுக்கையைக் கழற்றுவார்கள். குடுக்கை இல்லாமல் நடுக் கிணற்றுக்குப் போவது கடைசியில்தான். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் இருந்த பாட்ரீசியா வாலர் என்ற உளவியலாளர் 1970-களில் சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான். லைசென்ஸை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்காதீர்கள், படிப்படியாகக் கொடுங்கள் என்றார். முதலில் பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டுவது. அடுத்து, ஆபத்து அதிகமான சூழல்களை விலக்கிவிட்டுத் தனியாக ஓட்டுவது. பிறகுதான் முழு உரிமை. இதைத் தழுவி 1977-இல் அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்தது. மேரிலாந்தும் கலிஃபோர்னியாவும் அதிலிருந்து சில துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டன. மற்ற மாநிலங்கள் அசையவில்லை.

முழுத் திட்டத்தையும் கையில் எடுத்தது அமெரிக்கா அல்ல, நியூசிலாந்து. ஆட்டுப் பண்ணைகளும் பால் பண்ணைகளும் நிறைந்த அந்த நாட்டில் 15 வயதிலேயே லைசென்ஸ் கிடைத்துவந்தது. பண்ணை வேலைக்கும், தொலைவில் இருக்கும் பள்ளிக்கும் பிள்ளைகள் வண்டி ஓட்டியாக வேண்டியிருந்தது. அந்த வயதைத் தொட அரசு அப்போது துணியவில்லை. அதற்குப் பதிலாகப் படிகளை வைத்தது. 1987 ஆகஸ்ட் 1 முதல், கற்றுக்கொள்ளும் கட்டத்தை முடித்த இளைஞருக்குக் கிடைத்தது கட்டுப்பாடுள்ள லைசென்ஸ். அனுபவமுள்ள பெரியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. குறைந்தபட்ச வயது 16 ஆனது அதற்குப் பிறகு 24 ஆண்டுகள் கழித்து, 2011-இல்தான்.

நண்பர்களை ஏற்றக் கூடாது என்ற விதி இவ்வளவு தெளிவாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியது அப்போதுதான். ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த பத்தாண்டு அதன் விளைவைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 15 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரிடையே கார் விபத்துக் காயங்கள் 23 சதவீதம் குறைந்தன என்று 1996-இல் எழுதினார்கள். இளைஞர்களிடம் கேட்டபோது வேறொன்றும் தெரிந்தது. இரவுத் தடையை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிடிக்காமல் போனதும் அதிகம் மீறப்பட்டதும் பயணியர் தடைதான். லைசென்ஸ் வாங்கிய பிள்ளை முதலில் நினைப்பது நண்பனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வருவதைத்தானே. விதி நேராகப் போய் அந்த ஆசையில் கை வைத்தது.

1990-களில் வட அமெரிக்கா விழித்துக்கொண்டது. ஒன்டாரியோ மாகாணம் 1994 ஏப்ரலில் ஜி1, ஜி2 என்ற படிகளைக் கொண்டுவந்தது. ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இந்த இரண்டு சொற்களும் அன்றாடப் பேச்சு. பிள்ளை ஜி2 எடுத்துவிட்டால் வீட்டில் அது ஒரு விசேஷம். அமெரிக்காவில் 1996 ஜூலையில் ஃபுளோரிடா முதலில் மூன்று படிகளையும் ஏற்றது. 1997-இல் மிச்சிகனும் வட கரோலினாவும் வந்தன. வாலர் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். தன் யோசனை சட்டமாவதைக் காண அவருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் ஃபுளோரிடாவின் சட்டத்தில் இரவுத் தடை இருந்தது, பயணியர் தடை இல்லை. வட கரோலினாவின் முதல் சட்டத்திலும் இல்லை. இரவு 9 மணிக்கு மேல் மகன் வீட்டில் இருக்க வேண்டும் என்று அரசு சொன்னால் எந்தத் தாயும் சண்டைக்கு வரமாட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்றால் வருவார். இரண்டு வீட்டிலும் காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு கார் எவ்வளவு பெரிய உதவி! நான்கு பிள்ளைகள் ஒரே காரில் போவதைத் தடுத்தால் நான்கு புதிய ஓட்டுநர்கள் நான்கு கார்களில் இறங்குவார்கள், ஆபத்து நான்கு மடங்காகாதா என்றும் கேட்டார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். எண்கள் இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எண்கள் 2000 மார்ச்சில் வந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லி-ஹூய் சென், சூசன் பேக்கர் உள்ளிட்டோர், 1992 முதல் 1997 வரை அமெரிக்காவில் நடந்த உயிர்ப்பலி விபத்துகளை எடுத்துக்கொண்டு, காருக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். தனியாகப் போகும் 16 வயது ஓட்டுநர் விபத்தில் இறக்கும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், ஒருவர் உடன் ஏறியதும் அது 1.39 ஆகிறது. இருவர் என்றால் 1.86. மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 2.82. 17 வயதுக்காரர்களுக்கு 1.48, 2.58, 3.07. முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் இப்படி ஏறவே இல்லை. அதே கார், அதே சாலை. ஏறி உட்காரும் ஒவ்வொரு நண்பரோடும் ஆபத்து ஒரு படி ஏறியது. நான்கு கார் வாதத்துக்கும் இதில் பதில் இருந்தது: மூவரை ஏற்றிய ஒரே காரில் ஓட்டுநரின் ஆபத்து மட்டும் கூடவில்லை, அந்த ஆபத்துக்குள் மேலும் மூன்று உயிர்கள் உட்கார்ந்திருந்தன. தடுக்கப்பட்ட மூவரும் தனித்தனிக் காரில் இறங்கிவிடுவார்கள் என்பதும் இல்லை. பலரிடம் காரே இல்லை, லைசென்ஸும் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை உளவியலாளர்கள் காட்டினார்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 306 பேரைக் கம்ப்யூட்டர் கார் விளையாட்டுக்கு முன் உட்காரவைத்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் சோதனை. தன் வயதுக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தபோது பதின்வயதினர் வெகு தூரம் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் பார்வையாளர்களால் மாற்றம் இல்லை. அதே ஆண்டு புரூஸ் சைமன்ஸ்-மார்ட்டன் குழுவினர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, மேல்நிலைப் பள்ளிகளின் வாசலிலிருந்து புறப்படும் கார்களையே கவனித்தார்கள். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தால் ஓட்டுவது ஆணானாலும் பெண்ணானாலும் வேகம் கூடியது, முன்னால் போகும் வண்டிக்கும் தங்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது. யாரும் யாரையும் தூண்ட வேண்டியதில்லை. ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்பதே போதும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2012-இல் இன்னொரு கணக்கைச் சேர்த்தது. 16, 17 வயது ஓட்டுநருடன் 21 வயதுக்குட்பட்ட ஒருவர் மட்டும் ஏறினால் ஓட்டுநர் இறக்கும் ஆபத்து மைலுக்கு 44 சதவீதம் கூடுகிறது. இருவர் என்றால் இரட்டிக்கிறது. மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கு மடங்காகிறது. 35 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் உட்கார்ந்தால் அதே ஆபத்து 62 சதவீதம் இறங்குகிறது. பக்கத்து சீட் கொல்லவும் செய்யும், காக்கவும் செய்யும். யார் உட்கார்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இதற்குள் சட்டங்கள் வரத் தொடங்கியிருந்தன. கலிஃபோர்னியா 1998 ஜூலை முதல், புதிய லைசென்ஸ் பெற்ற 18 வயதுக்குட்பட்டோர் முதல் ஆறு மாதம் 20 வயதுக்குக் குறைந்த யாரையும் பெரியவர் துணையின்றி ஏற்றக் கூடாது என்றது. 2006-இல் அதை ஓராண்டாக்கியது. வட கரோலினா 2002 டிசம்பரில் தன் விடுபடலைச் சரிசெய்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 2007-இலும் விக்டோரியா 2008-இலும் சேர்ந்துகொண்டன.

ஒன்டாரியோவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே 2005 செப்டம்பரில் ஒரு மிதமான விதி வந்திருந்தது. 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான ஜி2 ஓட்டுநர்கள், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, முதல் ஆறு மாதத்தில் தம் வயதினரில் ஒருவரை மட்டும் ஏற்றலாம். பிறகு மூவர் வரை. 2008 ஜூலையில் மஸ்கோகா ஏரிப் பகுதியில் ஒரு கார் விபத்தில் இளைஞர்கள் மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் தந்தை துக்கத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, சட்டத்தைக் கடுமையாக்கும்படி மாகாணப் பிரதமர் டால்டன் மெகின்டியிடம் முறையிட்டார். நவம்பரில் அரசு மசோதா கொண்டுவந்தது: பகலோ இரவோ, முதல் ஓராண்டு முழுக்க, பதின்வயது ஓட்டுநர் பதின்வயதுப் பயணி ஒருவரை மட்டுமே ஏற்றலாம்.

மாகாணத்தின் இளைஞர்கள் எழுந்தார்கள். ஃபேஸ்புக் அப்போது புதிது. மசோதாவுக்கு எதிரான குழு ஒன்றில் சில வாரங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். பஸ்ஸே வராத சிற்றூர்களில் நாங்கள் எப்படிப் பள்ளிக்கும் வேலைக்கும் போவது என்று கேட்டார்கள். விருந்துக்குப் போனால் குடிக்காத ஒருவர் மற்றவர்களை ஏற்றி வருகிறாரே, அதையும் தடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். அற்பமான கேள்விகள் அல்ல அவை. கிராமத்துப் பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். டிசம்பரில் மெகின்டி அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மசோதாவின் மற்ற பகுதிகள் 2009-இல் சட்டமாயின. இளம் ஓட்டுநர் துளியும் குடித்திருக்கக் கூடாது என்ற விதி 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பயணியர் விதி மட்டும் பழையபடி நள்ளிரவு மணிகளுக்குள் நின்றுபோனது. பள்ளிப் பயணத்துக்கும் வேலைக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றியிருக்க முடியும். அரசு அதைச் செய்யாமல் முழுவதையும் கைவிட்டது பெரும் பிழை.

நியூ ஜெர்சியிலும் எதிர்ப்பு இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்துக் கயவர்கள் தங்கள் மகள்களைப் பின்தொடர்வார்கள் என்று பெற்றோர் அஞ்சினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-இல் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. ஸ்டிக்கர் வந்ததன் பின்னணி எளியது. வெளியிலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு ஓட்டுகிறவருக்கு 17 வயதா 22 வயதா என்று தெரியாது. தெரியாவிட்டால் விதி தாளில்தான் இருக்கும். ஆலிசன் கர்ரி தலைமையிலான ஆய்வுக் குழு, ஸ்டிக்கர் வந்த முதல் ஆண்டில் இந்தக் கட்டத்து ஓட்டுநர்களின் விபத்து விகிதம் 9 சதவீதம் குறைந்தது, சுமார் 1,600 விபத்துகள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது.

படிமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்லக் கூடாது. 2011-இல் ஸ்காட் மாஸ்டன், ராபர்ட் ஃபாஸ் உள்ளிட்டோர் அமெரிக்கா முழுவதற்குமான கணக்கை வெளியிட்டார்கள். வலுவான படிமுறை உள்ள மாநிலங்களில் 16 வயதினரின் உயிர்ப்பலி விபத்துகள் 26 சதவீதம் குறைந்திருந்தன. 18 வயதினரிடமோ 12 சதவீதம் கூடியிருந்தன. 18 வரை காத்திருந்துவிட்டு எந்தப் படியும் இல்லாமல் நேராக முழு லைசென்ஸ் வாங்குகிறவர்கள் பெருகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். புதியவருக்கு 16 ஆனாலும் 18 ஆனாலும் அந்த முதல் மாதங்கள் புதியவைதான். நியூசிலாந்து 1999-இல் படிமுறையை எல்லா வயதினருக்கும் விரித்தபோது செய்தது இந்த ஓட்டையை அடைக்கும் வேலை.

இந்தியச் சட்டத்தில் இந்த நடுப்படி இன்றுவரை இல்லை. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரே ஒரு வரி அதற்குக் கிட்டத்தில் வருகிறது: எல் போர்டு மாட்டிப் பைக் பழகுகிறவர், சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனால் டெஸ்டுக்குப் போகலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டிய 18 வயதுப் பையன், லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலேயே நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாம். காரானால் சீட் கொள்ளும் மட்டும் ஆள் ஏற்றலாம். சட்டம் எதுவும் சொல்லாது. 2019 திருத்தம் லைசென்ஸே இல்லாத சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் என்றது. லைசென்ஸ் வாங்கிய மறுநாளைப் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் சாவி இன்னும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது. லைசென்ஸ் வந்த முதல் ஆறு மாதம் நண்பர்கள் ஏற வேண்டாம், இருட்டிய பிறகு வண்டி எடுக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தப் பக்கத்து சீட்டில் நீங்களே போய் உட்காருங்கள்.